குளிர்காலப் பூக்களுக்குப் பட்டம் எது?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை நம் நாட்டுக் குடியானவர் யாவரும் அறிவர். ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் கேழ்வரகை எப்பொழுது விதைப்பது, அதனூடே அவரையை எப்பொழுது ஊன்றுவது என்பதை எவரும் எவருக்கும் கற்பிக்க வேண்டுவதில்லை. பாட்டன் காலத்திலிருந்து வந்த அறிவு அது. ஆனால் பள்ளித் தோட்டத்திலும், பஞ்சாயத்து அலுவலக முற்றத்திலும், இப்பொழுது வயல்களிலுங்கூட இடம் பெற்றுவரும் ஆஸ்டர், பிளாக்ஸ், பெட்டூனியா, டயாந்தஸ், ஆன்டிரைனம் போன்ற குளிர்காலப் பூக்களுக்கு அத்தகைய பட்டம் நம்மிடையே இன்னும் நிலைபெறவில்லை. இவை அயல்நாடுகளிலிருந்து வந்த செடிகள். பாட்டன் சொன்ன சொல் இவற்றுக்கு இல்லை.

ஒரு பஞ்சாயத்தில், அலுவலகத்தின் முன்னே பூந்தோட்டம் அமைக்க முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொங்கல் கழிந்த பின் விதைப் பொட்டலங்கள் வருகின்றன. வெளிநாட்டுப் பொட்டலமாயின், "வசந்த காலத்தில் விதைக்கவும்" என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும். தை, மாசியே வசந்தத்தின் வாயில் என்று எண்ணி விதைக்கிறார்கள். நாற்று வளர்ந்து மொட்டு விடுவதற்குள் பங்குனி வெயில் வந்துவிடுகிறது. செடி ஒரு சாண் உயரத்திலேயே நின்று, காசளவு பூவொன்றைக் காட்டிவிட்டுக் கருகுகிறது. விதை கெட்டது என்பார் சிலர்; மண் ஆகாது என்பார் சிலர். விதையும் மண்ணும் குற்றமற்றவை. பட்டம் தவறியதே குற்றம். அந்தப் பட்டத்தைக் கண்டறியும் வழியை இக்கட்டுரையில் விளக்க எண்ணுகிறோம்.

குளிரை வேண்டும் செடியும் குளிரைத் தாங்கும் செடியும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். சில செடிகளுக்குக் கடுங்குளிர் இன்றியமையாதது. டியூலிப் கிழங்கு பல வாரங்கள் உறைநிலைக்குச் சற்று மேற்பட்ட குளிரில் கிடந்தால்தான் சரியாகப் பூக்கும். அத்தகைய குளிர் ஓசூரில் எந்த மாதத்திலும் இல்லை. குளிர்பதன அறையில் வைத்து எடுத்த கிழங்கன்றி வேறொன்றும் இங்குப் பயன்படாது. ஆகவே அவ்வகைச் செடிகளை நாம் விட்டுவிடலாம்.

மற்றொரு வகை, குளிரைத் தாங்கும் செடிகள். இவை குளிரில் மெதுவாக வளர்ந்து, வேரும் தண்டும் திரண்டு, பெரிய பூக்களைத் தருவன. இவற்றுக்கு உறைபனி வேண்டுவதில்லை. இரவு குளிர்ந்திருந்தால் போதும். அதற்குக் காரணம் உண்டு. பகலில் இலை வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. இரவில் செடி சுவாசிக்கையில் அவ்வுணவின் ஒரு பகுதி செலவாகிறது. இரவு வெப்பமாயிருந்தால் சுவாசம் விரைந்து, பகலில் சேர்த்தது இரவில் கரைந்துபோகும். இரவு குளிர்ந்திருந்தால் செலவு குறைந்து சேமிப்பு மிஞ்சும். அந்தச் சேமிப்பே தடித்த தண்டாகவும், நிறைந்த பூவாகவும், ஆழ்ந்த நிறமாகவும் வெளிப்படுகிறது. வெப்பம் மிகுந்தால் இச்செடிகள் அவசரமாகப் பூத்து, அவசரமாக விதை கட்டி, ஆயுளை முடித்துக்கொள்கின்றன.

ஊருக்கு ஊர் மாறும் பட்டம்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் அமைந்திருக்கிறது. கிருஷ்ணகிரி நகரம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் 6 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே ஒரு மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய இவ்விரண்டு ஊர்களுக்குமிடையே சுமார் இரண்டரை டிகிரி வேறுபாடு இருப்பது இயல்பு. மனிதனுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். பூச்செடிக்கோ, இது பல வாரப் பட்டத்தின் வேறுபாடு.

மார்கழி, தை மாதங்களில் ஓசூர் மேட்டுநிலத்தில் இரவு வெப்பம் சுமார் 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது; பகலில் 27 டிகிரியை ஒட்டி நிற்கிறது. சித்திரையில் பகல் வெப்பம் 34, 35 டிகிரிக்கு ஏறிவிடும். குளிர் மெல்லத் தொடங்குவது கார்த்திகையில், விடைபெறுவது மாசியில். ஏறக்குறைய நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவரையுள்ள இந்த நூறு நாட்களே குளிர்காலப் பூக்களுக்கு இங்கு வாய்த்த காலம்.

ஒரே செடி வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு மாதங்களில் பூப்பதைக் கண்டால் உண்மை விளங்கும். இங்கிலாந்தில் மார்ச், ஏப்ரலில் விதைத்து ஜூன், ஜூலையில் பூக்கக் காண்கிறார்கள். அங்கே கோடையே நமது குளிர்காலத்தைப் போன்று இதமானது. 2,200 மீட்டருக்கு மேலுள்ள உதகமண்டலத்தில், 1848-இல் தொடங்கிய அரசினர் தாவரவியல் பூங்காவில், மலர்க் கண்காட்சி மே மாதத்தில் நடைபெறுகிறது. மற்ற ஊர்கள் வெயிலில் வாடும் காலத்திலும் அங்கே இரவு குளிர்ந்திருக்கும். பெங்களூர் லால்பாக் தோட்டத்திலோ குடியரசு தினத்தையொட்டி ஜனவரியில் ஒரு கண்காட்சி நடக்கிறது. ஓசூர், உயரத்தாலும் சீதோஷ்ண நிலையாலும் பெங்களூரின் உடன்பிறப்பு. ஆகவே பொட்டலத்தில் அச்சிட்ட மாதத்தையோ, உதகையில் கண்ட மாதத்தையோ பின்பற்றாமல், லால்பாக் தோட்டத்தின் ஜனவரியை நாம் வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

பின்னோக்கி எண்ணும் முறை

பட்டத்தைக் கண்டறியும் வழி எளியது. பூ எந்நாளில் வேண்டுமென்று முதலில் முடிவு செய்து, அச்செடி விதையிலிருந்து பூவாக எத்தனை வாரம் எடுக்கும் என்பதை அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல் வேண்டும். வந்து நிற்கும் நாளே விதைக்கும் நாள்.

ஓசூர் வட்டாரத்தின் ரோஜா சாகுபடியாளர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. பிப்ரவரி 14-ஆம் நாளைக் காதலர் தினமாகக் கொண்டாடும் வெளிநாடுகளுக்கும் நம் நாட்டு நகரங்களுக்கும் சிவப்பு ரோஜா அனுப்பவேண்டி, ஏறத்தாழ ஐம்பது நாட்களைப் பின்னோக்கி எண்ணி, டிசம்பர் மாதத்திலேயே அவர்கள் செடிகளைக் கவாத்து செய்துவிடுகிறார்கள். கவாத்து பத்து நாள் தாமதித்தால் பூவும் தாமதித்து, விலை விழுந்தபின் சந்தைக்கு வரும். ரோஜாவுக்குப் பயன்படும் இதே கணக்கை விதைப் பூக்களுக்கும் விரித்துக்கொள்வதே நாம் கூறுவது.

புத்தாண்டையொட்டி முதற் பூவும், ஜனவரி 26-இல் தோட்டம் நிறைந்த பூவும் வேண்டுமென்று கொள்வோம். ஓசூர், தளி, பாகலூர், பேரிகை போன்ற மேட்டுநில ஊர்களுக்கு விதைப்பு நாட்கள் வருமாறு அமையும்:

ஆன்டிரைனம்: விதையிலிருந்து பூவாகச் சுமார் 16 வாரம். செப்டம்பர் இரண்டாம் வாரம், அதாவது ஆவணி இறுதியில் விதைக்க வேண்டும்.

பேன்சி, டயாந்தஸ்: சுமார் 14 வாரம். செப்டம்பர் கடைசி வாரம், புரட்டாசியில்.

பெட்டூனியா: சுமார் 13 வாரம். அக்டோபர் முதல் வாரம்.

பிளாக்ஸ்: சுமார் 11 வாரம். அக்டோபர் நடுவில், ஐப்பசி பிறக்கும் தறுவாயில்.

காலண்டுலா: சுமார் 10 வாரம். அக்டோபர் நான்காம் வாரம்.

அலிசம்: சுமார் 8 வாரம். நவம்பர் முதல் வாரம்.

எல்லா விதையையும் ஒரே நாளில் தூவிவிடும் வழக்கம் எத்துணைத் தவறானது என்பது இதனால் விளங்கும். அலிசத்தையும் ஆன்டிரைனத்தையும் ஒன்றாக விதைத்தால், முன்னது பூத்து முதிர்ந்த பின்பே பின்னது மொட்டுக் கட்டும்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் போன்ற தாழ்ந்த ஊர்களில் குளிர் பிந்தி வந்து முந்திச் செல்கிறது. அங்கே நெடுநாள் எடுக்கும் செடிகளையும், வெப்பத்தைச் சிறிதும் பொறுக்காத பேன்சியையும் தவிர்த்து, பிளாக்ஸ், காலண்டுலா, பெட்டூனியா ஆகியவற்றையே தேர்ந்தெடுப்பது நன்று. விதைப்பை இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் நாற்று வெப்பத்தினின்று தப்பும். தொழிற்சாலைகளின் மதிலையும் தார்ச் சாலையையும் ஒட்டிய இடங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பகலில் வெயிலை வாங்கிக்கொண்ட கான்கிரீட்டும் தாரும் இரவில் அவ்வெப்பத்தை வெளிவிடுவதால், மேட்டுநிலத்திலேயே அமைந்திருந்தாலும் அவ்விடங்களில் இரவு போதிய அளவு குளிர்வதில்லை.

நாற்றங்காலே சோதனைக் களம்

இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. குளிரில் பூக்க வேண்டிய செடியைக் குளிர் வருமுன்பே விதைக்க வேண்டியிருக்கிறது. புரட்டாசியும் ஐப்பசியும் ஓசூர் வட்டாரத்தில் மழை மிகுந்த மாதங்கள். மழையில்லாத நாட்களில் வெயில் சுடும். வெப்பமும் ஈரமும் கூடும் அக்காலத்தில் நாற்றழுகல் நோய் ஒரே இரவில் பாத்தி முழுவதையும் சாய்த்துவிடும். பட்டம் தெரிந்தும் பலர் தோற்பது இங்கேதான்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் கடினமானவை அல்ல. நாற்றங்கால் பாத்தியை ஒரு மீட்டர் அகலத்தில், தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்த்தி அமைத்தல் வேண்டும். தண்ணீர் வடிய இருபுறமும் வாய்க்கால் இருக்கவேண்டும். நன்கு மக்கிய தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலந்து மண்ணில் இட்டால், அழுகல் நோய்ப் பூஞ்சணத்தை அது அடக்கும். பாதியளவு வெயிலைத் தடுக்கும் நிழல்வலையைப் பந்தலாகக் கட்டவேண்டும். கனமழை பெய்யும்போது அதன்மேல் பாலித்தீன் விரிப்பைப் போர்த்தி, மழை விட்டதும் எடுத்துவிட வேண்டும். தென்னைநார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் விதைத்துத் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பானது.

விதைகளின் அளவையும் இயல்பையும் அறிந்து விதைக்க வேண்டும். பெட்டூனியா விதை ஒரு கிராமில் ஏறத்தாழ பத்தாயிரம் இருக்கும். அதைத் தனியே தூவ முற்பட்டால் ஓரிடத்தில் குவிந்துவிடும். சலித்த மணலுடன் கலந்து தூவுதல் நன்று. பெட்டூனியா, ஆன்டிரைனம் விதைகள் முளைக்க வெளிச்சம் வேண்டுவன. ஆகையால் அவற்றை மண்ணால் மூடலாகாது. பேன்சி, பிளாக்ஸ் விதைகளோ இருளில் முளைப்பன. அவற்றின்மேல் மெல்லிய மண்போர்வை வேண்டும். தண்ணீரைப் பூவாளியால் காலையில் தெளிக்க வேண்டும். மாலையில் தெளித்தால் இரவு முழுவதும் ஈரம் நின்று நோய்க்கு வழி செய்யும்.

நாற்று நான்கு முதல் ஆறு இலை விட்டதும், ஒரு வார காலத்தில் நிழலைச் சிறிது சிறிதாக நீக்கி வெயிலுக்குப் பழக்கி, மாலை நேரத்தில் நட வேண்டும். ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், வழியும் வரப்பும் நீங்கலாகச் சுமார் 350 நாற்று பிடிக்கும். சேதத்தைக் கருதி 450 நாற்று விட்டுக்கொள்வது விவேகம். நட்டபின் வேர் பிடித்து வளரும்போது ஆன்டிரைனம், பெட்டூனியா ஆகியவற்றின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். கிள்ளினால் முதற் பூ இரண்டு வாரம் பிந்தும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாடிய பூக்களை உடனுக்குடன் அகற்றிவந்தால், செடி விதை கட்டுவதில் தன் பலத்தைச் செலவிடாமல் மேலும் பூக்கும்.

குடியானவருக்கு ஆதாயம்

அழகுக்காகப் பஞ்சாயத்து பூ வளர்ப்பது ஒருபுறமிருக்க, விற்பனைக்காகப் பயிரிடும் குடியானவருக்குப் பட்டம் என்பது வாழ்க்கைப் பிரச்சினை. எல்லையை ஒட்டிய இவ்வட்டாரப் பூ, ஓசூர்ச் சந்தைக்கும் பெங்களூர் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டுக்கும் செல்கிறது. தமிழரின் பொங்கலும் கார்த்திகைத் தீபமும், கன்னடரும் தெலுங்கரும் கொண்டாடும் வரலட்சுமி நோன்பும் யுகாதியும், எல்லாரும் கொண்டாடும் ஆயுத பூசையும் தீபாவளியும் விலையை உயர்த்தும் நாட்கள். அவற்றுள் கார்த்திகை முதல் தை வரை வரும் விசேஷங்கள் செடி விரும்பும் குளிரோடும் பொருந்திவருகின்றன. சந்தையின் தேவையும் செடியின் இயல்பும் ஒன்றுகூடும் அக்காலமே ஆஸ்டருக்கு உகந்தது.

ஆஸ்டர் நாற்றங்காலில் சுமார் ஒரு மாதமும், நட்டபின் இரண்டரை மாதம் அளவும் எடுக்கும். பொங்கலுக்குப் பூ வேண்டுவோர் செப்டம்பர் கடைசி வாரத்தில் விதைக்க வேண்டும். பெங்களூர் ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட காமினி, பூர்ணிமா, சசாங்க் முதலிய ரகங்கள் நமது சீதோஷ்ணத்தை ஒத்த இடத்திலேயே உருவானவை. நிலம் முழுவதையும் ஒரே நாளில் நடாமல், பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று பகுதியாகப் பிரித்து நடுவது நலம். ஒரு நாள் விலை சரிந்தாலும் முழு உழைப்பும் வீணாகாது.

சாமந்தியின் கணக்கு சற்று வேறானது. அது குளிரை மட்டும் பார்ப்பதில்லை. பகலின் நீளத்தையும் பார்க்கிறது. பகல் குறுகி இரவு நீளும்போதே அது மொட்டுக் கட்டும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வேர்விட்ட நாற்றுகளை நட்டு, நான்கு வாரத்தில் நுனி கிள்ளி, பகல் நீண்டிருக்கும் மாதங்களில் செடியைப் பெருக்கவிட வேண்டும். பகல் குறுகும் ஐப்பசி, கார்த்திகையில் பூ தானே நிறையும். மிகவும் பிந்தி நட்டால், செடி வளருமுன்பே மொட்டு வந்து மகசூல் குன்றும். பசுமைக் குடில்களில் நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கெரித்துச் சாமந்தியின் பூப்பைத் தள்ளிப்போடுவதும் இதே இயல்பைப் பயன்படுத்தியே. இந்திய-இஸ்ரேல் கூட்டுறவில் தளியில் அமைந்துள்ள கொய்மலர் மகத்துவ மையத்துக்குச் சென்று, பசுமைக் குடிலில் மலர் வளர்க்கும் முறைகளைக் குடியானவர்கள் நேரில் கண்டறியலாம்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கது

நமது கிராம சபை கூடும் நாட்களே இப்பணிக்கு நாட்குறிப்பாக அமைந்திருப்பது ஒரு நல்வாய்ப்பு. ஆகஸ்டு 15-ஆம் நாள் கூட்டத்தில், தோட்டத்துக்கும் பொது நாற்றங்காலுக்கும் இடம், தண்ணீர், பொறுப்பாளர் ஆகியவற்றை முடிவு செய்யலாம். ஒரு மாதத்துக்குள் முதல் விதைப்பு தொடங்கிவிடும். அக்டோபர் 2-ஆம் நாள் கூட்டத்தில் நாற்றுகளின் நிலையை எல்லாரும் பார்வையிட்டு, அழிந்தவற்றுக்கு ஈடாகக் குறுகிய நாள் செடிகளை விதைக்க ஏற்பாடு செய்யலாம். பிளாக்ஸ், காலண்டுலா விதைப்புக்கு அப்பொழுதும் காலம் இருக்கிறது. ஜனவரி 26-ஆம் நாள் கொடியேற்றி, சபை கூடும்போது பூக்கள் நிறைந்திருக்கும்.

பொது நாற்றங்காலில் மிஞ்சும் நாற்றுகளைப் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் வழங்கலாம். சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் வளாகங்களுக்கும் பெங்களூர் வீடுகளுக்கும் குளிர்காலந்தோறும் பூநாற்று வேண்டியிருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நாற்றங்காலை ஏற்று நடத்தினால், நிலமில்லாதவர்க்கும் ஒரு சிறு வருவாய் உண்டாகும். ஒரு சென்ட் இடமும், நிழல்வலையும், நாள் தவறாத கவனமுமே இதற்கு முதல்.

இன்னுமொன்று. உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் காட்டும் வெப்பமானி ஒன்றைப் பள்ளியில் மாட்டிவைத்து, மாணவர்களைக் கொண்டு நாள்தோறும் குறித்துவரச் செய்யவேண்டுகிறோம். விதைத்த நாள், முளைத்த நாள், முதற் பூ பூத்த நாள், செடி ஓய்ந்த நாள் ஆகியவற்றையும் அதே ஏட்டில் எழுதிவைக்கலாம். நாம் இங்கே கொடுத்த வாரக் கணக்கு பொதுவானது. மேடு பள்ளத்துக்கும் ரகத்துக்கும் ஏற்ப ஒரு வாரம் முன்பின் ஆகும். இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தால், உங்கள் ஊருக்கே உரிய பட்டம் அந்த ஏட்டில் தானே தெரியவரும். கேழ்வரகுக்கு ஆடிப்பட்டத்தைக் கண்டறிந்த நம் முன்னோரும் பல்லாண்டு பார்த்துப் பார்த்தே அதனை அறிந்தனர். குளிர்காலப் பூக்களுக்கான பட்டத்தை நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கும் பொறுப்பு இப்பொழுது நம்முடையது. இவ்வாண்டு ஆவணியிலேயே அவ்வேட்டின் முதற் பக்கத்தை எழுதத் தொடங்குவோமாக.